ஓடைக் குழாயின் வாயில் வலை கட்டும் புழு: பிளீச்சிங் பவுடர் போடலாமா?

மலைத்தோட்டம்:

வணக்கம். கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி பக்கம் எங்களுக்குக் காப்பித் தோட்டம். நடுவே மிளகும் மலைவாழையும் உண்டு. வீட்டுக்கும் நாற்றங்காலுக்கும் வேண்டிய தண்ணீர் மேலே இருக்கும் ஓடையிலிருந்து ஓஸ் வழியாகத் தானாக இறங்கி வந்துவிடும், மோட்டார் கிடையாது. ஓடைக்குள் கிடக்கும் பைப்பின் வாயில் ஸ்டீல் சல்லடை கட்டியிருக்கிறேன்.

அந்தச் சல்லடைதான் தொல்லை. கழுவிவிட்டு வந்தால் கொஞ்ச நாளிலேயே தண்ணீர் நூலாக வர ஆரம்பிக்கிறது. ஏறிப் போய்ப் பார்த்தால் சல்லடை முழுக்கப் பொடிக்கல்லும் இலைத் துணுக்கும் சளி மாதிரி ஏதோ ஒன்றால் ஒட்டிக் கிடக்கும். விரலால் பிரித்தால் ஒவ்வொரு கல்கூட்டுக்குள்ளும் ஒரு புழு. பச்சை கலந்த பழுப்பு, அரை அங்குலம் இருக்கும். முன்பக்கம் மட்டும் கால்கள், வயிற்றுப் பக்கம் வெள்ளைக் குஞ்சம். கையில் எடுத்தால் உடம்பை வளைத்து நெளிகிறது. பக்கத்துப் பாறையைத் தண்ணீருக்குள் உற்றுப் பார்த்தேன். சிலந்தி வலை போலச் சின்னச் சின்ன வலைகள், எல்லாமே தண்ணீர் வரும் திசையைப் பார்த்துத் திறந்திருந்தன.

இது என்ன பூச்சி? ஓடையில் பிளீச்சிங் பவுடர் கரைத்து விடு, ஒரே நாளில் செத்துவிடும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். காப்பிக்கு அடிக்கும் மருந்தையே கொஞ்சம் ஊற்றலாம் என்கிறார் இன்னொருவர். எனக்கு மனசு வரவில்லை. அப்புறம் இன்னொன்று: புழு இருப்பதால் தண்ணீர் கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தமா? வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

ஓடைப்பூச்சி:

தம்பி, நல்ல வேளை, ஊற்றுவதற்கு முன்னால் கேட்டீர்கள். ஓடையில் எதையும் கரைக்க வேண்டாம். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், தோட்டத்து மருந்தும் வேண்டவே வேண்டாம். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன். நான் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பழனி மலை, குற்றாலம், மேகமலை ஓடைகளில் கல்லைப் புரட்டிப் பார்ப்பதுதான் என் வேலையில் எனக்குப் பிடித்த பகுதி.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது ஹைட்ரோசைக்கிடே என்ற குடும்பத்துப் புழு. வலை பின்னும் கேடிஸ் பூச்சிகளில் ஒரு குடும்பம். கேடிஸ் என்றால் புழுவாகத் தண்ணீரில் வளர்ந்து, பிறகு விட்டில் போல இறக்கை முளைத்துப் பறக்கும் பூச்சி. கையில் லென்ஸ் இருந்தால் அடுத்த முறை பாருங்கள்: தலைக்குப் பின்னால் மார்பின் மூன்று கண்டங்களின் மேலும் கெட்டியான தகடு இருக்கும். வயிற்றடியில் நீங்கள் பார்த்த வெள்ளைக் குஞ்சம் அதன் செவுள். வால் முனையில் இரண்டு கொக்கிகள், அவற்றின் மேல் விசிறியாக மயிர். அந்தக் கொக்கியால் கூட்டைப் பிடித்துக்கொண்டுதான் அத்தனை வேகத்திலும் அடித்துப் போகாமல் இருக்கிறது.

சளி என்று எழுதியிருக்கிறீர்கள். அது சளி இல்லை, பட்டு. தண்ணீருக்குள் விரிந்து நிற்கும் வலையைக் காற்றில் தூக்கியதும் அது சுருங்கி வழவழவென்று கட்டியாகிவிடும். அதனால்தான் கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கிற பலருக்கு இப்படி ஒரு வலை இருப்பதே தெரிவதில்லை. நீங்கள் தண்ணீருக்குள்ளேயே பார்த்தீர்கள் பாருங்கள், அதுதான் சரியான முறை. பிளாஸ்டிக் டப்பாவின் அடியை வெட்டிக் கண்ணாடி ஒட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

கேடிஸ் பூச்சிகளும் பட்டாம்பூச்சி, விட்டில், பட்டுப்புழு எல்லாம் சேர்ந்த கூட்டமும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தவை. காஞ்சிபுரத்துச் சேலையில் இருக்கும் பட்டுக்கும் உங்கள் சல்லடையில் இருக்கும் பட்டுக்கும் அடிப்படைப் புரதம் உறவுமுறைதான். ஆனால் கேடிஸின் பட்டு நனைந்த கல்லிலேயே ஒட்டும். அந்தப் புரதத்தில் பாஸ்பேட் ஏறியிருக்கிறது, அது தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து இழையைக் கெட்டியாக்குகிறது. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் ஸ்டூவர்ட் என்பவர் இதைத்தான் ஆராய்ந்தார். ஈரமான உடம்புக்குள் ஒட்டும் பசை அறுவை சிகிச்சைக்கு வேண்டும் அல்லவா, அதற்காக.

வலை பின்னும் விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் பொடிக்கல்லையும் இலைத் துணுக்கையும் ஒட்டி, தான் ஒளிந்துகொள்ள ஒரு கூடு. அதன் வாசலில், ஓட்டத்துக்கு எதிர்முகமாக வலை. கீழ் உதட்டிலிருந்து இழை வரும். தலையை எட்டு என்ற எண் எழுதுவதுபோல இடமும் வலமும் ஆட்டி ஆட்டி ஒட்டிக்கொண்டே போகும். அப்படி வருகிற கண்கள் ஒழுங்கான செவ்வகங்கள். முட்டையிலிருந்து வந்து கூட்டுப்புழு ஆவதற்குள் ஐந்து பருவம் வளர்கிறது. ஒவ்வொரு முறை தோல் உரித்த பிறகும் வலைக் கண் பெரிதாகும். முழு வளர்ச்சியடைந்த ஹைட்ரோசைக்கியின் வலைக் கண் கால் மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஆக ஒரே பாறையில் சின்னதும் பெரியதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் பிடிக்கிற சரக்கு வேறு வேறு.

என்ன பிடிக்கும்? ஓட்டத்தில் மிதந்து வரும் பாசி, மக்கிய இலைத்தூள், குட்டிப் பூச்சிப் புழுக்கள். மாட்டையும் ஆளையும் சுற்றிவந்து கடிக்கிற கறுப்பு ஈ உங்கள் பக்கம் உண்டே, அதன் புழுவும் இதே பாறைகளில்தான் ஒட்டி வளரும். நம் வலைக்காரப் புழு அவற்றைத் தின்னும், இடத்துக்காகச் சண்டை போட்டுத் துரத்தியும் விடும். இதை அழித்துவிட்டுக் கடிக்கும் ஈயை வளர்க்க வேண்டுமா என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கேளுங்கள்.

தங்களுக்குள்ளும் சண்டை உண்டு. கூடு கட்டுவது உழைப்பு என்பதால், இன்னொன்று கட்டியதில் நுழையப் பார்க்கும். அப்போது உள்ளே இருப்பது முன்னங்காலின் தொடைப் பகுதியைத் தலையின் அடிப்பக்கத்தில் இருக்கும் வரிவரியான மேட்டில் உரசிச் சத்தம் எழுப்பும். தண்ணீருக்குள் அது அதட்டல். பல சமயம், நுழைய வந்தவன் அந்த அதட்டலோடு திரும்பிவிடுகிறான்.

வலை பின்னும் கேடிஸில் இன்னொரு குடும்பம் பிலோபொட்டாமிடே. மேற்குத் தொடர்ச்சி மலையில் அதில் சிமாரா இனங்கள் நிறைய. தலை நல்ல ஆரஞ்சு நிறம். கல்லின் அடியில் விரல் நீளத்துக்குப் பை வலை கட்டும். அதன் கண் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த வலையில் படிகிற மெல்லிய படிவை வழிக்க அதன் மேல் உதடு ‘டி’ வடிவத் தூரிகையாகவே அமைந்திருக்கிறது. உதட்டாலேயே வலையைப் பெருக்கிச் சாப்பிடும் பூச்சி! முதன்முறை நுண்ணோக்கியில் அந்த உதட்டைப் பார்த்த மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்தும் எழுந்து போகவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிளீச்சிங் பவுடரின் குளோரின் இந்தப் புழுவோடு நிற்காது. கீழே இருக்கும் அயிரை, தலைப்பிரட்டை, நண்டு, தட்டான் குஞ்சு என்று வரிசையாகப் போகும். பூச்சிமருந்து இன்னும் மோசம். பைரெத்ராய்டு வகை மருந்துகள் மிகக் குறைந்த அளவிலேயே மீனையும் நீர்ப்பூச்சியையும் கொல்லும். அந்தத் தண்ணீரைத்தான் உங்கள் வீட்டுக் குழந்தைகள் குடிக்கிறார்கள், உங்களுக்குக் கீழே இருப்பவர்களும் குடிக்கிறார்கள். அத்தனையும் செய்த பிறகு என்ன ஆகும் தெரியுமா? மேலே மருந்து படாத பகுதியிலிருந்து புழுக்கள் ஓட்டத்தோடு மிதந்து வரும், இறக்கை முளைத்தவை பறந்து வந்து முட்டையிடும். சல்லடை மறுபடியும் அடைக்கும்.

அந்த வலைகள் ஓடைக்கு என்ன செய்கின்றன என்பதையும் யோசியுங்கள். பொடிக்கற்களை ஒன்றோடொன்று பட்டு இழையால் கட்டி வைப்பதால், அவற்றை உருட்ட வழக்கத்தைவிட வேகமான வெள்ளம் தேவைப்படுகிறது. சோதனைத் தொட்டிகளில் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் ஓடை எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். 2002-இல் ‘நேச்சர்’ இதழில் பிராட்லி கார்டினேல் குழுவினர் இன்னொன்றும் காட்டினார்கள்: மூன்று வகை வலைக்காரப் புழுக்களைத் தனித்தனியாக வளர்த்ததைவிடக் கலந்து வளர்த்தபோது ஒவ்வொன்றுக்கும் அதிகச் சாப்பாடு கிடைத்தது. வலைகளின் உயரம் ஒன்றுக்கொன்று வேறுபட்டதால் தண்ணீர் அடியில் தேங்கிவிடாமல் கலங்கி ஓடியதுதான் காரணம்.

ஒரு கேள்வி: பைப் வாய்க்கு மேலே ஓடையில் குட்டை, தடுப்பணை ஏதாவது இருக்கிறதா?

கோவை_நடையன்:

ரொம்ப நாளாக மலையேறுகிறேன். கேடிஸ் புழு இருந்தால் தண்ணீர் சுத்தம் என்றுதான் எங்கள் குழுவில் சொல்வோம். அப்படிப் பார்த்து நேராக ஓடையில் குடித்திருக்கிறோம். தம்பி, நீங்கள் கவலைப்படவே வேண்டாம்.

ஓடைப்பூச்சி:

நடையன், அப்படிச் சொல்லிவிட முடியாது. கேடிஸ் என்பது 16,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள பெரிய கூட்டம். எல்லாவற்றுக்கும் ஒரே சுபாவம் கிடையாது. நீர்ப்பூச்சியை வைத்து ஆற்றின் நலத்தை அளக்கும் பிரிட்டிஷ் முறை ஒன்று உண்டு. அழுக்கைத் தாங்கவே தாங்காத குடும்பத்துக்கு 10 மதிப்பெண், எதையும் தாங்குவதற்கு 1. அதில் ஹைட்ரோசைக்கிடேவுக்கு 5 தான், பிலோபொட்டாமிடேவுக்கு 8. அதாவது தம்பியின் சல்லடையில் இருப்பது நடுத்தர ஆள். கொஞ்சம் சாணமும் உரமும் கலந்தால் சாப்பாடு கூடிவிட்டது என்று பெருகக்கூடச் செய்யும்.

புழு இருப்பதால் தண்ணீர் கெட்டது என்றும் இல்லை, புழு இருப்பதால் குடிக்கலாம் என்றும் இல்லை. ஓட்டமும் பிராணவாயுவும் நன்றாக இருக்கின்றன, பூச்சிமருந்து பெரிதாகக் கலக்கவில்லை என்பது வரைக்கும் அது சொல்லும். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதற்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கோலிஃபார்ம் பரிசோதனை கொடுத்துப் பாருங்கள், குடிப்பதைக் கொதிக்க வையுங்கள். பிளீச்சிங் பவுடருக்கு இடம் வீட்டுத் தொட்டிதான், அதுவும் சரியான அளவில்.

இனா_தமிழ்:

ஜப்பானிலிருந்து எழுதுகிறேன். நாகானோ மாகாணத்தில் இனா என்ற ஊரில் வேலை. தென்ரியூ ஆறு ஊருக்கு நடுவே ஓடுகிறது. இந்தப் புழுவை இங்கே சாப்பிடுகிறார்கள்! ஸாஸாமுஷி என்று பெயர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, குளிர் உச்சத்தில்தான் பிடிப்பார்கள், அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். காலணிக்கு அடியில் இரும்பு முள் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கி, மண்வெட்டியால் கல்லைப் புரட்டிக் காலால் கிளறுவார்கள். கீழ்ப்பக்கம் நான்கு மூலை வலையை வைத்து அள்ளுவார்கள். சோயா சாஸும் சர்க்கரையும் போட்டு வற்ற வைத்துச் சின்ன டப்பாவில் விற்பார்கள், விலை அதிகம். சாப்பிட்டேன். இனிப்பும் உப்பும்தான் முன்னால் நிற்கும், மெல்லும்போது லேசாக ஆற்றுப்பாசி மணம்.

இங்கே அதிகம் கிடைப்பது ஸ்டெனோசைக்கி என்ற பெரிய வகை, நான்கு சென்டிமீட்டர் வரை வளரும். உங்கள் சல்லடைத் தொல்லை இங்கே பெரிய அளவில் நடந்திருக்கிறது. நீர்மின் நிலையங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சுரங்கச் சுவர்களில் இவை கூடு கட்டி, ஓட்டத்தையே குறைத்துவிட்டன. நாரா மகளிர் பல்கலைக்கழகத்தின் ட்சுடா மட்சுனாயே இவற்றைப் பற்றி நிறைய எழுதியவர். வெள்ளம் கலைக்காமல் விட்டால் கல் நிறைந்த ஆற்றுப்படுகை கடைசியில் வலைக்காரக் கேடிஸின் ஆட்சிக்குத்தான் வந்து சேரும் என்பது அவர் கருத்து.

ஓடைப்பூச்சி:

இனா தம்பி, அருமையான தகவல். அந்த ஸ்டெனோசைக்கிக்கு உறவுக்காரன் பழனி மலையிலேயே இருக்கிறான். ஸ்டெனோசைக்கி கொடைக்கானலென்சிஸ் என்று 1980-இல் ஸ்வெக்மன், காஃப்மன் இருவரும் பெயரிட்டு விவரித்தார்கள். கொடைக்கானல் பெயரைத் தாங்கிய ஓடைப்பூச்சி இருப்பது அந்த ஊர்க்காரர்களுக்கே பெரும்பாலும் தெரியாது. எனக்கு அது வருத்தம். ஏரியில் படகு விடுகிறவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும்.

மலைத்தோட்டம்:

டீச்சர், எல்லாவற்றையும் இரண்டு முறை வாசித்தேன். நீங்கள் கேட்டது சரிதான். பைப் வாய்க்கு மேலே நடக்கிற தூரத்தில் ஒரு சின்னத் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் தேங்கிப் பச்சையாக இருக்கும். அணை வந்த பிறகுதான் அடைப்பு அதிகமானது என்று இப்போது தோன்றுகிறது. மழை விட்ட சாயங்காலங்களில் வராந்தா பல்பைச் சுற்றிப் பழுப்பு விட்டில் மாதிரி நிறைய வருகிறதே, அதுவும் இதுதானா? சல்லடைக்கு என்னதான் வழி?

ஓடைப்பூச்சி:

அதுவேதான். இறக்கையைக் கூரைச் சரிவாக மடக்கி உட்கார்ந்திருக்கும், உணர்கொம்பு உடம்பைவிட நீளமாக இருக்கும், லென்ஸில் பார்த்தால் இறக்கையில் செதிலுக்குப் பதில் மயிர். விட்டிலிலிருந்து பிரித்துச் சொல்ல இந்த மயிர் போதும். முழு வளர்ச்சியடைந்த புழு கல்லால் கூரை போட்டுத் தன்னை உள்ளே அடைத்துக்கொண்டு கூட்டுப்புழுவாகும். நேரம் வந்ததும் தாடையால் அறுத்து வெளியேறி நீந்தி மேலே வந்து பறந்துவிடும். அதன் பிறகு கடிப்பதற்கு வாய் கிடையாது, திரவம் உறிஞ்சுவதோடு சரி. சில வாரங்களே வாழும். பெண் பூச்சி மறுபடி தண்ணீருக்குள் இறங்கிக் கல்லில் ஒரே அடுக்காக முட்டையை ஒட்டும். வராந்தா பல்பை மஞ்சளாக மாற்றி, வேலை முடிந்ததும் அணைத்துவிட்டால் வருவது குறையும்.

அமெரிக்காவில் கொலராடோ ஆற்றில் டேவிஸ் அணைக்குக் கீழே புல்ஹெட் சிட்டி, லாஃப்லின் ஊர்களில் இது பெரிய தலைவலி. உங்கள் தடுப்பணைக் கதைதான் அங்கேயும். தேங்கிய நீரில் மிதவைப் பாசி வளர்கிறது, அணை தாண்டி வழிந்து வருகிறது, கீழே வலை விரித்தவனுக்கு விருந்து. எந்த ஏரியின், அணையின் வாய்க்குக் கீழும் வலைக்காரப் புழு அடர்த்தியாக இருக்கக் காரணம் இதுதான்.

இப்போது வழி. இப்போதைய சல்லடை நல்ல ஓட்டத்தில், கெட்டியாக, ஆடாமல் இருக்கிறது. சின்னச் சல்லடை வழியாகத் தண்ணீர் வேகமாக இழுபடுவதும் அதற்கு வசதி. வலை விரிய ஓட்டம் வேண்டும். ஓட்டத்தை எடுத்துவிட்டால் அது அங்கே குடியிருக்காது. ஆகவே பைப் வாயைப் பாறை இடுக்கிலிருந்து எடுத்துப் பக்கத்தில் இருக்கும் அமைதியான கசத்துக்கு மாற்றுங்கள், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், சேறு இழுக்காதபடி. மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் சுற்றிலும் துளை போட்டு உள்ளே கூழாங்கல் நிரப்பி அதற்குள் பைப் வாயை வையுங்கள். பரப்பு பெரிதாகிவிடுவதால் எந்தத் துளையிலும் பெரிதாக இழுப்பு இருக்காது.

சல்லடை இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தண்ணீரில், ஒன்று வெயிலில். மாற்றும்போது தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, வழித்ததை ஓடையிலேயே பைப்புக்குக் கீழே விட்டுவிடுங்கள், உயிரோடு இருப்பவை வேறு கல் பார்த்துக்கொள்ளும். இடுக்கில் தங்கிய முட்டையும் குஞ்சுப் புழுவும் வெயிலில் காய்ந்துவிடும்.

முக்கியமான ஒன்று. காப்பிக்கும் மிளகுக்கும் போர்டோ கலவை அடிப்பீர்கள், அதில் இருப்பது தாமிரம். ஸ்பிரேயரையும் டிரம்மையும் ஓடையில் கழுவாதீர்கள், தோட்டத்தில் வேலை செய்கிறவர்களிடமும் சொல்லி வையுங்கள். உலோகம் கலந்த ஓடைகளிலும் மாலத்தியான் மருந்து பட்ட சோதனைத் தொட்டிகளிலும் இந்தப் புழுக்கள் சாவதற்கு முன்பே வலையைத் தப்பும் தவறுமாகப் பின்ன ஆரம்பிப்பதைக் கவனித்திருக்கிறார்கள். இழை குறுக்கே போகும், செவ்வகம் ஓட்டையாகும். பாறையில் நீங்கள் பார்த்த வலைகளின் கண்கள் ஒழுங்காக இருந்தனவா?

மலைத்தோட்டம்:

ஒழுங்காகத்தான் இருந்தன டீச்சர், நோட்டுக் கட்டம் அளவுக்கு நேராக இல்லாவிட்டாலும் ஓட்டை எதுவும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆள் கூட்டிப் போய் டிரம் இறக்குகிறேன். கழுவும் இடத்தைக் களத்துப் பக்கம் மாற்றச் சொல்லிவிட்டேன். வெள்ளம் வந்தால் டிரம் அடித்துப் போகுமே, என்ன செய்வது?

ஓடைப்பூச்சி:

ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் கரையோர மரத்தில் நைலான் கயிற்றால் கட்டுங்கள், கம்பியால் வேண்டாம், மரப்பட்டையை அறுக்கும். பைப்பும் டிரம்மும் சேரும் இடத்தில் கழற்றி மாட்டும் யூனியன் ஒன்று போட்டுவிட்டால், பெரிய மழை எச்சரிக்கை வந்த அன்றே டிரம்மை மட்டும் கழற்றிக் கரையேற்றிவிடலாம். கரையேற்றும்போது உள்ளே இருக்கும் கூழாங்கல்லை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். ஆரஞ்சுத் தலை தென்பட்டால் படம் எடுத்து இங்கே போடுங்கள்.